ராயபுரத்தில் நம் பகுதிக்கென்று ஒரு விழா: எதை வைத்துத் தொடங்குவது?

ராயபுரம்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, காசிமேடு பக்கத்துப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து, சாயங்காலத்தில் பள்ளிப் பசங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். இந்தத் தடவை ஏரியாவுக்கென்றே ஒரு விழா எடுக்கலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. சாமி திருவிழா இல்லை, கட்சிக் கூட்டமும் இல்லை. இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் இதுதான் எங்க இடம் என்று தலை நிமிர்ந்து சொல்ல ஒரு நாள் வேண்டும், அவ்வளவுதான்.

ஏன் என்றால், எங்களிடம் படித்து இப்போது கல்லூரிக்குப் போகும் ஒரு பையன், எங்கே வீடு என்று யாராவது கேட்டால் "பீச் ஸ்டேஷன் பக்கம்" என்று சொல்லி முடித்துக்கொள்கிறான். காசிமேடு என்று சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் மாறுகிறதாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

சிக்காகோவில் பில்சன் என்ற பகுதியில் மெக்சிகோ குடும்பங்கள் நடத்தும் 'ஃபியஸ்டா தெல் சோல்' விழாவின் காணொளிகளை எங்கள் குழுவில் போட்டுப் பார்த்தோம். தெரு முழுக்க சனம், பாட்டு, சாப்பாடு, சுவரெல்லாம் ஓவியம். நம்மாலும் முடியும் என்று தோன்றியது. ஆனால் எதை வைப்பது, எந்த மாதம் வைப்பது, காசுக்கு யாரிடம் போவது என்று பேச உட்கார்ந்தால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பாதிப் பேர் ஆகஸ்ட் 22, மெட்ராஸ் டே அன்றைக்கே வைத்துவிடலாம் என்கிறார்கள். அந்த விழாவை நேரில் பார்த்தவர்கள், இங்கே இப்படி ஏதாவது நடத்திய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை_டூ_சிக்காகோ:

தங்கச்சி, நான் தண்டையார்பேட்டைக்காரன், சிக்காகோவில் குடியிருக்கிறேன், அந்த விழாவுக்குக் குடும்பத்தோடு போவதுண்டு. காணொளியில் ஆட்டமும் சாப்பாடும்தான் தெரியும். அது எதில் பிறந்தது என்று தெரிந்துகொண்டால் உங்கள் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

பில்சன் முதலில் செக் நாட்டிலிருந்து வந்த தொழிலாளிகளின் பேட்டை. 1960களில் பக்கத்துப் பகுதியில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழக வளாகம் கட்டுவதற்காக வீடுகளை இடித்தபோது, அங்கே இருந்த மெக்சிகோ குடும்பங்கள் பல இங்கே வந்து சேர்ந்தன. சனம் பெருகியது, பிள்ளைகளுக்கு ஒரு உயர்நிலைப் பள்ளி கிடையாது. வேறு ஏரியாவுக்குத்தான் போகவேண்டும். எங்களுக்கு இங்கேயே பள்ளி வேண்டும் என்று அம்மாக்களும் அக்கம்பக்கத்துச் சங்கத்துக்காரர்களும் போராடினார்கள். அந்தப் போராட்டத்தின் வெற்றியைக் கொண்டாடத்தான் 1972இல் விழாவைத் தொடங்கினார்கள். பள்ளி 1977இல் திறந்தது, மெக்சிகோவின் ஜனாதிபதியாக இருந்த பெனிட்டோ ஹுவாரெஸ் பேரில். இன்றைக்கும் ஜூலை கடைசி வாக்கில் செர்மாக் சாலையில் நாலு நாள் நடக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது, மதுவும் கிடையாது, அதனால் பாட்டி முதல் கைக்குழந்தை வரை எல்லாரும் வருகிறார்கள். பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் உண்டு.

இன்னொன்றையும் பாருங்கள். மெக்சிகோவின் சுதந்திர தினம் செப்டம்பர் 16. 1810இல் மிகெல் இடால்கோ என்ற பாதிரியார் தொலோரெஸ் ஊரில் மக்களைத் திரட்டிப் போருக்கு அழைத்த நாள் அது. அதற்கும் சிக்காகோவில் பெரிய ஊர்வலம் உண்டு. ஆனால் ஃபியஸ்டா தாய்நாட்டு நாட்காட்டியைப் பார்த்து வந்ததில்லை. இந்தத் தெருவில் இருந்தவர்கள் இந்தத் தெருவுக்காக வாங்கியதைக் கொண்டாடுவது. அதனால்தான் 50 வருடம் தாண்டியும் நிற்கிறது என்பது என் எண்ணம். நீங்களும் மெட்ராஸ் டேயைப் பிடிக்காதீர்கள். அது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கோட்டைக்கு நிலம் வாங்கிய நாள். ராயபுரம் ஜெயித்த நாள் எது என்று தேடுங்கள்.

சுவர் ஓவியம் பற்றி ஒரு எச்சரிக்கை. பில்சனில் காசா அஸ்த்லான் என்று ஒரு சமூகக் கூடம் இருந்தது, வெளிச்சுவர் முழுக்க ஓவியம். கட்டடம் கைமாறி 2017இல் புது முதலாளி சுவருக்கு ஒரே சாயம் அடித்து மொத்தத்தையும் மறைத்துவிட்டார். பகுதியே கொதித்தது. அப்புறம் பழைய ஓவியரையே கூப்பிட்டு அங்கே புதிதாக வரையவைத்தார்கள். வாடகை ஏறி ஏறி, ஆயிரக்கணக்கான மெக்சிகோ குடும்பங்கள் பில்சனை விட்டே போய்விட்டன என்பது தனிக் கதை. நீங்கள் வரைவதாக இருந்தால் சுவர்க்காரரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பெரம்பூர்_பழைய_ஆள்:

ஜெயித்த நாள் என்று தம்பி சொன்னதால் எழுதுகிறேன். நம் வடசென்னைக்கு அப்படி ஒரு நாள் இருக்கிறது, ஏப்ரல் 27. 1918இல் அன்றைக்குத்தான் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். பின்னி மில் தொழிலாளிகள் படும் பாட்டைப் பார்த்து முதலில் முயற்சி எடுத்தவர்கள் செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும். பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணை நின்றார். ஆலைக்குள்ளே அடி வாங்கிக்கொண்டு, சாப்பாட்டு நேரம்கூட ஒழுங்காகக் கிடைக்காமல் இருந்தவர்கள் சங்கமாக எழுந்தார்கள் என்றால் அது சின்ன விஷயமா? என் அப்பா அந்த மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர், அவருடைய மில் அட்டை இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

ஆனால் ஒன்று, சொன்னால் முழுசாகச் சொல்லுங்கள். 1921இல் வேலைநிறுத்தம் நீண்டபோது தொழிலாளிகளுக்குள்ளேயே சாதி புகுந்து, புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன, உயிர்களும் போயின. விழாவில் அதையும் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். புளியந்தோப்பு வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தால், எங்களையும் சேர்த்துத்தான் பேசுகிறார்கள் என்று தெரியவேண்டும்.

விசைப்படகு_வீட்டுப்பையன்:

ஐயா சொன்ன தேதி எங்களுக்கு ரொம்பத் தோது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில்தான் நிற்கும். ஆம்பளைங்க எல்லாரும் வலை பின்னிக்கொண்டு, இன்ஜின் பிரித்துப் போட்டுக்கொண்டு ஊரில்தான் இருப்பார்கள். ஆகஸ்டில் வைத்தால் காசிமேட்டில் பாதிப் பேர் கடலில் இருப்பார்கள், விழா யாருக்கு? ஆனால் தடைக்காலத்தில் கையில் காசு புரளாது, அதையும் யோசியுங்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போடாதீர்கள், முடிந்தவர் முடிந்ததைத் தரட்டும், மற்றவர்கள் வேலை செய்யட்டும். ஐஸ் பெட்டி, தார்ப்பாய், கயிறு, பந்தல் போட ஆள் எல்லாம் எங்கள் பக்கம் தாராளமாகக் கிடைக்கும்.

புளியந்தோப்பு_நித்யா:

ராயபுரம் அக்கா, ஒரு விஷயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். கேமராவை மாட்டிக்கொண்டு வந்து, குழாயடிச் சண்டையையும் அழுக்குச் சுவரையும் படம் பிடித்துப் போகிறவர்களை வைத்து விழா நடத்தாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு தடவை 'பாரம்பரிய நடை' என்று வெளியிலிருந்து ஒரு குழு வந்தது. என் பாட்டி வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை, சுற்றி நின்று படம் எடுத்தார்கள். பாட்டி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். வெளி ஆட்களைக் கூப்பிடுங்கள், ஆனால் விருந்தாளியாகக் கூப்பிடுங்கள். மேடையில் பேசுவது, கடை போடுவது, ஊரைச் சுற்றிக் காட்டுவது எல்லாம் நம் ஆட்களாகவே இருக்கட்டும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. நம் பக்கத்திலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்ட குடும்பங்கள் எத்தனை! அவர்கள் பிள்ளைகளுக்கு இந்தத் தெருவே தெரியாமல் போகிறது. சிக்காகோ அண்ணன் சொன்ன பில்சன்காரர்களும் அப்படி இடித்துத் துரத்தப்பட்டவர்கள்தானே. கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன நம் குடும்பங்களை அன்றைக்குத் திரும்ப வரவைக்க ஒரு வேன் ஏற்பாடு செய்தால், வேறு எது இல்லாவிட்டாலும் எனக்கு அது விழாதான்.

அத்தோ_பேரன்:

சாப்பாட்டுப் பக்கம் எங்களைக் கேளுங்கள். 1960களில் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடை, சொத்து எல்லாம் போய், கப்பலில் வந்து இறங்கியவர்கள் என் தாத்தா வீட்டார். பீச் ஸ்டேஷன் எதிரே தள்ளுவண்டியில்தான் பிழைப்பு ஆரம்பித்தது. இன்றைக்கு அத்தோ என்றால் சென்னையே பாரிமுனைக்கு வருகிறது. கலர் போட்ட நூடுல்ஸைக் கையால் உதிர்த்து, முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் போட்டுப் பிசைந்து, மேலே பேஜோ என்ற மொறுமொறு வறுவலை நொறுக்கிப் போட்டு, கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப்பு. அந்த பேஜோ நொறுங்கும் சத்தம் கேட்காவிட்டால் அது அத்தோவே இல்லை.

நாங்கள் வந்து 60 வருடம் ஆகிறது, இன்னும் எங்களை 'பர்மாக்காரங்க' என்றுதான் சொல்கிறார்கள். அதில் வருத்தம் இல்லை, பெருமைதான். விழாவில் ராயபுரம் ஆங்கிலோ இந்தியன் குடும்பங்கள், சௌகார்பேட்டை மார்வாடிகள், தெலுங்கு பேசுகிறவர்கள், உருது பேசுகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு அடுப்பு கொடுங்கள்.

கேரம்_மாஸ்டர்:

விளையாட்டை விட்டுவிட்டீர்களே! நம் சந்துகளில் ராத்திரி ஆனால் கம்பியில் ஒரு பல்பைத் தொங்கவிட்டு, போரிக் பவுடர் தூவி, சுற்றி நாலு பேர் நின்று பார்க்க கேரம் நடக்கும். அப்படிப்பட்ட செரியன் நகரிலிருந்து ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். வியாசர்பாடிப் பசங்க கால்பந்து ஆடுவதைப் பார்த்துக் குட்டி பிரேசில் என்கிறார்கள். குத்துச்சண்டை சொல்லவே வேண்டாம், சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று தாத்தாக்கள் இன்னும் விட்டுக்கொடுக்காமல் பேசுவார்கள். 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் கையுறை மாட்டியதைப் பார்த்தவர்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லி, பிள்ளைகளைக் கேட்கவிடுங்கள்.

அனுமதி விஷயமும் சொல்கிறேன், நான் தெருப் போட்டிகள் நடத்தியவன். தெருவை அடைப்பதற்கும் ஒலிபெருக்கிக்கும் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவேண்டும். மாநகராட்சிப் பூங்கா, மைதானம் என்றால் மண்டல அலுவலகம். ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, கூம்புக் குழாய் வேண்டாம், பாக்ஸ் போதும். ஆம்புலன்ஸ் நுழைய ஒரு பக்கம் வழி விடுங்கள், நம் சந்துகளில் இதுதான் பெரிய சிக்கல். பணத்துக்கு எந்தக் கட்சியிடமும் போகாதீர்கள். ஒரு கட்சி பேனர் ஏறினால் மறுநாள் எதிர்க்கட்சி வீட்டுப் பிள்ளை வராது. வாங்கும் காசுக்கு ரசீது கொடுத்து, செலவுக் கணக்கைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

தண்டையார்பேட்டை_டூ_சிக்காகோ:

மறுபடியும் வருகிறேன், ஒன்று விட்டுப் போனது. பில்சனில் மெக்சிகோ கலைக்கான தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. 1982இல் பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து ஆரம்பித்தது, 1987இல் கதவு திறந்தது, இன்றும் அனுமதி இலவசம். அங்கே வருடா வருடம் இறந்தவர் நாளுக்குக் கண்காட்சி வைப்பார்கள். போனவர்களின் படம், அவர்களுக்குப் பிடித்த சாப்பாடு, பானம், சுற்றிலும் ஆரஞ்சு நிறத்தில் செண்டுமல்லி. அந்தப் பூவுக்கே பூர்வீகம் மெக்சிகோதான், நம் பூக்கடையில் கூடை கூடையாக விற்பதும் அதேதான். முதல் தடவை பார்த்தபோது எனக்கு எங்கள் வீட்டுப் படையல்தான் ஞாபகம் வந்தது, ஆயா தாத்தாவுக்குச் சுருட்டும் கருவாட்டுக் குழம்பும் வைப்பார். காசிமேடு கல்லறையில் நவம்பர் 2 அன்று மெழுகுவத்தியும் பூவுமாக நடப்பதும் இதுதானே. உங்கள் விழாவில் தெருவில் வாழ்ந்து மறைந்தவர்களின் படங்களை ஒரு சுவரில் மாட்டுங்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், குத்துச்சண்டை வாத்தியார், பிரசவம் பார்த்த ஆயா, யாராக இருந்தாலும் சரி. வீட்டு ஆட்களே படம் கொண்டுவந்து மாட்டட்டும்.

ராயபுரம்_பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி குழுவில் இதை வரிக்கு வரி படித்துக் காட்டினோம். மெட்ராஸ் டே வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. ஏப்ரல் 27க்கு அடுத்து வரும் சனி, ஞாயிறு, சாயங்காலம் மட்டும். ராயபுரம் ஸ்டேஷன் பக்கமே வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள், 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய இடம் என்பதால். ஆனால் அங்கே அனுமதி வாங்குவது பெரிய வேலை, அதனால் முதல் வருடம் எங்கள் தெருவோடு சரி. படையல் சுவர் கட்டாயம் உண்டு. புளியந்தோப்புப் பலகையும் உண்டு, அதை நித்யாவும் ஐயாவும் சேர்ந்து எழுதிக் கொடுக்கவேண்டும். பெரும்பாக்கம் வேனுக்குத்தான் முதலில் பணம் ஒதுக்குகிறோம், மேடை அப்புறம்தான். மேலே சொன்ன கல்லூரிப் பையன் செரியன் நகர் கேரம் போட்டியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பேர் கொடுத்திருக்கிறான்.

பெரம்பூர் ஐயா, உங்கள் அப்பாவின் மில் அட்டையைப் படம் எடுத்துக்கொள்ளலாமா? நாங்களே வீட்டுக்கு வருகிறோம்.

பெரம்பூர்_பழைய_ஆள்:

வாங்கம்மா. படம் எதுக்கு, அட்டையையே தருகிறேன், கண்ணாடிக்குள் வையுங்கள். கூடவே அப்பா படமும் ஒன்று இருக்கிறது, அதையும் அந்தச் சுவரில் மாட்டவேண்டும்.

கேரம்_மாஸ்டர்:

என்னிடம் நாலு போர்டு இருக்கிறது, பவுடரும் என் பொறுப்பு. அந்தப் பையனை என்னை வந்து பார்க்கச் சொல்லுங்கள், யார் யாரோடு ஆடுவது என்று சீட்டு எப்படிப் போடுவது எனச் சொல்லித் தருகிறேன். பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு போர்டு ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பசங்க இடமே விடமாட்டார்கள்.