மானாவாரி நெல்லுக்குக் கார்பன் காசு கிடைக்குமா? உப்பூர் பக்கம்

உப்புக்காத்து:
ராமநாதபுரம் மாவட்டத்தில் உப்பூருக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் எங்களுக்கு மூன்று ஏக்கர். பட்டாவில் நஞ்சை என்று இருக்கிறது, ஆனால் கண்மாய் பெருகினால்தான் நஞ்சை, இல்லாவிட்டால் வானம் பார்த்த பூமிதான். கடல் பக்கம் இருக்கும் முக்கால் ஏக்கரில் கோடை வந்தால் மண் வெள்ளை பூத்துவிடுகிறது. போன வருடம் கதிர் வாங்குகிற நேரத்தில் இருபது நாள் மழை இல்லாமல் பாதி பதராகிவிட்டது. போன வாரம் ஒருவர் ஊருக்கு வந்து, காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலை இடையிடையே காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சி நெல் போட்டால் பூமியைச் சூடேற்றும் மீத்தேன் வாயு குறையும், அப்படிக் குறைத்ததற்குக் கார்பன் கிரெடிட் என்று பணம் வரும் என்று படிவம் கொடுத்துவிட்டுப் போனார். கையெழுத்துப் போடலாமா? உப்புக்கு ஜிப்சம் கொட்டச் சொல்கிறார்கள், அதையும் செய்யலாமா?

கண்மாய்க்கரை:
தம்பி, காய்ச்சலுக்கு நம்மிடம் குறைவே இல்லை, பாய்ச்சத்தான் தண்ணீர் இல்லை! அந்த முறை டெல்டா மாதிரி நாற்று நட்டு மாதக்கணக்கில் தண்ணீர் கட்டுகிற இடத்துக்கு. தண்ணீர் கட்டிக் காற்றுப் புகாமல் கிடக்கிற சேற்றில்தான் மீத்தேன் உண்டாகும். நாம் புரட்டாசியில் புழுதியில் விதைக்கிறோம், ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தால் கொஞ்ச நாள் தண்ணீர் நிற்கும், அவ்வளவுதான். அதனால் குறைக்க நம்மிடம் மீத்தேன் அதிகம் இல்லை. இன்னொரு விஷயம், இந்தத் திட்டங்களில் பழைய பழக்கத்தை மாற்றினால்தான் காசு, தாத்தா காலத்திலிருந்தே சரியாகச் செய்துவருகிறவனுக்கு ஒன்றும் கிடையாது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனால் கணக்கு அப்படித்தான். கையெழுத்துப் போடுமுன் எத்தனை வருட ஒப்பந்தம், இடையில் விலகினால் என்ன என்பதைப் படித்துப் பாருங்கள்.

நம் வயலில் கவனிக்க வேண்டியது யூரியா. ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வருகிற மண்ணில் அளவுக்கு மீறி வீசினால் பயிர் எடுத்தது போக மிச்சம் நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும், அது நூறு வருடக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 270 மடங்கு சூடேற்றும். நான் மூன்று வருடமாகக் கோடையில் கிடை போடுகிறேன், அதாவது புழுக்கையும் மூத்திரமும் உரமாக ராத்திரியில் ஆடுகளை வயலில் அடைக்கிறேன். ஆடு மேய்க்கும் கீதாரி முந்நூறு ஆட்டோடு வருவார், ஏக்கருக்கு மூன்று ராத்திரி. அடியுரத்துக்கு யூரியா வாங்குவதை அத்தோடு விட்டுவிட்டேன், மேலுரத்துக்கு மட்டும் மழை பார்த்துக் கொஞ்சம்.

பரமக்குடிக்காரன்:
ஜிப்சத்தை அவசரப்பட்டு வாங்காதீர்கள். உவர் வேறு, களர் வேறு. மண்ணின் காரத்தைக் காட்டும் பி.எச் 8.5-க்கு மேல் போய் மண் சோடியத்தால் இறுகிக்கிடந்தால் களர், அதற்குத்தான் ஜிப்சம். பி.எச் சரியாக இருந்து உப்பின் அளவைக் காட்டும் ஈ.சி. 4-க்கு மேல் காட்டினால் வெறும் உவர், அங்கே ஜிப்சம் வீண் செலவு, மழைத்தண்ணீரை வரப்புக் கட்டி நிறுத்தி உப்பைக் கரைத்து வடிகால் வழியாக வெளியேற்ற வேண்டும். வெள்ளை பூக்கிறது என்றால் பெரும்பாலும் உவர்தான், இருந்தாலும் மண் பரிசோதனை செய்துவிடுங்கள். கரி மூட்டம் போட்ட இடத்துக் கரித்தூளைக் கொட்டினால் நல்லது என்று சிலர் சொல்வார்கள், அதற்குக் காரத்தன்மை உண்டு, களராக இருந்தால் போடாதீர்கள்.

பதருக்கு வருவோம். இருபது நாள் தாக்குப்பிடிக்க மண்ணில் ஈரம் நிற்க வேண்டும். கண்மாய் வண்டல் அடியுங்கள், தாசில்தார் அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். ஆனால் கடலுக்குப் பக்கத்துக் கண்மாய் என்றால் வண்டலிலேயே உப்பு இருக்கும், ஒரு கைப்பிடி அதையும் சோதனைக்குக் கொடுங்கள், இதை யாரும் செய்வதில்லை. ரகத்தில் அண்ணா 4 எங்கள் பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தில் 2009-ல் வந்தது, 100 முதல் 105 நாள், மானாவாரிக்கே உரியது. உப்பு வயலில் மட்டும் குழியடிச்சான் என்ற பாரம்பரிய நெல்லைப் போட்டுப் பாருங்கள், மகசூல் குறைவு, ஆனால் நிற்கும்.

மண்டபம்காரி:
எங்கள் பக்கம் கரையில் ஒதுங்குகிற பாசியைத் தென்னைக்குப் போடுவோம். நெல்லுக்கு நேராகப் போட்டால் உப்பு ஏறும், இரண்டு மழையில் நனையவிட்டு, சாணியோடு மக்கவைத்துப் போடுங்கள் அண்ணே. ஒதுங்கியதை மட்டும் அள்ளுங்கள், மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் போய்ப் பறிக்க வேண்டாம். அந்த 21 தீவும் 1986-லேயே தேசியப் பூங்காவாகிவிட்டது, பிடித்தால் வழக்கு.

உப்புக்காத்து:
எல்லோருக்கும் நன்றி. படிவத்தை எடுத்து வைத்துவிட்டேன், முதலில் மண்ணைக் கொடுக்கிறேன். கண்மாய்க்கரை அண்ணே, அந்தக் கீதாரி எங்கள் பக்கமும் வருவாரா? உப்பு வயலில் கிடை போட ஒத்துக்கொள்வாரா, இல்லை ஆட்டுக்குக் குடிக்க நல்ல தண்ணீர் வேண்டும் என்பாரா?

கண்மாய்க்கரை:
அதைத்தான் முதலில் கேட்பார். தண்ணீர் டேங்கருக்குச் சொல்லிவையுங்கள்.