துடுப்புப் படகு: லைஃப் ஜாக்கெட் படகில் இருந்தால் போதுமா, உடம்பில் இருக்க வேண்டுமா?

ஒற்றைத்துடுப்பு:
மோட்டார் இல்லாத சின்னப் படகுகளுக்கும் பாதுகாப்புச் சாமான் பட்டியல் போட்டுக் கட்டாயமாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2008இல் நின்றபடி துடுப்பு போடும் பலகையைக்கூடக் கலம் என்று சொல்லிவிட்டது; குளிக்கிற, அலைச்சறுக்குகிற பகுதியைத் தாண்டினால் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் வேண்டும். கனடாவில் கயாக்கில், அதாவது ஒடுங்கிய சின்னத் துடுப்புப் படகில், போகிறவர் 15 மீட்டர் மிதக்கும் கயிறும் வைத்திருக்க வேண்டும். தனியாகப் போகிறவன் அதை யாருக்கு வீசுவான்?

கடலாடி:
பக்கத்தில் தத்தளிக்கிறவருக்கு வீசலாமே. சரி, கயிற்றை விடுங்கள். என் குறை நேர் எதிர், சட்டம் போதவில்லை என்கிறேன். பெரியவர்களுக்குப் பல இடங்களில் ஜாக்கெட் படகில் இருந்தாலே போதும், அதனால் அதை மேல்தளத்து எலாஸ்டிக் கயிற்றுக்குள் செருகிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கவிழ்ந்ததும் ஒரு கை துடுப்பைப் பிடித்திருக்கும், இன்னொரு கை படகை. எந்தக் கையால் கொக்கி மாட்டுவது? கொஞ்சம் காற்று அடித்தால் காலிப் படகு நம் நீச்சலைவிட வேகமாக ஓடும், ஜாக்கெட்டும் அதோடு போகும். அந்தக் காவல்படையின் ஆண்டுக் கணக்கிலேயே படகு விபத்தில் மூழ்கி இறந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஜாக்கெட் போடாதவர்கள்தான்.

ஒற்றைத்துடுப்பு:
அதில் மோட்டார் படகும் சேர்த்தி. போடாமல் போய்ப் பத்திரமாகத் திரும்புகிறவர்கள் எத்தனை பேர் என்று தெரியாமல் அந்த விகிதத்தை வைத்து என்ன முடிவுக்கு வருவது? எனக்கு நன்றாக நீச்சல் தெரியும். இடுப்பளவுத் தண்ணீர், கூப்பிடு தூரத்தில் கரை, மண்டையைப் பிளக்கும் வெயில், அங்கேயும் நெஞ்சில் நுரைப் பலகையைக் கட்டிக்கொள் என்றால்?

நீரோட்டம்:
வெயிலும் இடுப்பளவுத் தண்ணீரும் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீச்சல் தெரியும் என்பதை இதில் இழுக்காதீர்கள். 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரில் திடீரென்று விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் பேச்சைக் கேட்காது, அடித்து அடித்து வாங்கும், அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது கதை. அதைத் தாண்டினாலும் பத்து நிமிடத்தில் விரல் மரத்துவிடும். குளிரால் நினைவு தப்பச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும், அதுவரை முகத்தை மேலே பிடித்திருக்க ஏதாவது வேண்டாமா?

கயிறு விஷயத்தில் நான் ஒற்றைத்துடுப்பு கட்சி. ஓடுகிற ஆற்றில், பையில் அடைக்காத கயிறு காலைச் சுற்றும். கத்தி இல்லாதவர் கயிறே எடுக்க வேண்டாம். பலகையைக் கணுக்காலோடு பிணைக்கிற வாரும் அப்படித்தான். ஏரியில் நல்லது, பலகை கைவிட்டுப் போகாது. ஆற்றில் அது ஒரு மரக்கிளையில் மாட்டினால், தண்ணீர் தள்ளுகிற தள்ளில் குனிந்து கணுக்காலைத் தொடக்கூட முடியாது. அங்கே இடுப்பில் கட்டி, ஒரே இழுப்பில் கழன்றுவிடுகிற வகைதான் சரி.

ஒற்றைத்துடுப்பு:
நானும் அதைத்தானே சொல்கிறேன்! இடத்துக்கு இடம் மாறுவதை ஒரே பட்டியலில் எப்படி அடைப்பது?

கடலாடி:
பட்டியலே வேண்டாம், போட்டுக்கொள் என்ற ஒரே விதி போதும். கனடாவில் மிதிபடகில் எல்லோரும் ஜாக்கெட் போட்டிருந்தால் மற்ற சாமான்களில் பெரும்பாலானவை தேவையில்லை. அந்தச் சலுகையைக் கயாக்குக்கும் கொடுக்கட்டும். வெயில்தான் பிரச்சினை என்றால் இடுப்பு பெல்ட்டில் மடித்திருக்கும், இழுத்தால் காற்று நிரம்பும் வகை இருக்கிறதே.

நீரோட்டம்:
தலையில் அடிபட்டவர் எதை இழுப்பார்? உள்ளே இருக்கிற வாயுக் குப்பி காலியா என்று பார்ப்பவர்களும் குறைவு.

ஒற்றைத்துடுப்பு:
இரவு விளக்கு கட்டாயம் என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. 1972ஆம் ஆண்டு கடல் மோதல் தவிர்ப்பு விதிகள் துடுப்புப் படகிடம் கேட்பது, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வெள்ளை டார்ச், மோதலுக்கு முன்னால் காட்டினால் போதும். விதி என்றால் இப்படிச் சுருக்கமாக இருக்க வேண்டும். இரண்டு கையும் துடுப்பில் இருக்குமே என்பதால் டார்ச்சைத் தோளில் மாட்டிக்கொள்வது உத்தமம்.

கடலாடி:
தோளில் எதில் மாட்டுவீர்கள்? ஜாக்கெட் வாரில்தானே?

ஒற்றைத்துடுப்பு:
நெற்றி விளக்கு என்று ஒன்று இருக்கிறது ஐயா. சரி, இருட்டின பிறகு மட்டும் ஜாக்கெட் கட்டாயம் என்றால் யோசிக்கிறேன். பகலுக்கு இன்னும் மாட்டேன்.