தோப்பில் 3 குதிரை, 2 ராத்திரி: எப்படிக் கட்டுவது, என்ன கொண்டுபோவது?

வாய்க்கால்மேடு (கேள்வி):
பொள்ளாச்சியிலிருந்து கேரள எல்லை தாண்டி கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தென்னந்தோப்பில் ஜனவரியில் 2 ராத்திரி தங்க ஏற்பாடு. 2 கத்தியவார் இனப் பெட்டைக் குதிரை, 1 மட்டக்குதிரை. பகலில் மண்பாதையில் சவாரி, ராத்திரி தோப்பிலேயே. கிணறும் மோட்டாரும் உண்டு, லாயம் கிடையாது. முளையடித்துக் கட்டினால் போதுமா, மரத்துக்கு மரம் கயிறு இழுத்துக் கட்டணுமா? தீவனம் அங்கேயே வாங்கிக்கலாமா? செக்போஸ்டில் என்ன காகிதம் காட்டணும்? அமெரிக்காவில் பல மாநிலப் பூங்காக்களில் குதிரையோடு வருபவர்களுக்கென்றே முகாம் இடமும் கட்டுக்கம்பமும் இருக்காம். நமக்கு எல்லாம் கையோடு கொண்டுபோவதுதான். தெரிந்தவர்கள் சொல்லுங்க.

கொள்ளுமூட்டை:
முளை வேண்டாங்க. பழக்கமில்லாத குதிரையை நீளக்கயிற்றில் விட்டால் ராத்திரி பின்னங்காலில் சுற்றிக்கொள்ளும். குளம்புக்கு மேலே மடங்குகிற இடத்தில் கயிறு அறுத்தால் தோல் வெந்த மாதிரி உரியும், லேசில் ஆறாது.

தலைக்கு மேலே கயிறு இழுத்துக் கட்டுங்க. 12 மில்லி பாலியஸ்டர் கயிறு, 20 மீட்டர். நைலான் வாங்காதீங்க, பாரம் விழ விழ நீளும். விடியும்போது குதிரையின் நெஞ்சு மட்டத்துக்குத் தொங்கிக்கிடக்கும். மரத்தைச் சுற்றி 2 அங்குல லாரி பெல்ட், அதில்தான் கயிறு. கயிற்றை நேராக மரத்தில் சுற்றினால் பட்டை அறுபடும், தோப்புக்காரர் அடுத்த முறை விடமாட்டார். உயரம் 7 அடிக்குக் குறையக் கூடாது. குதிரைக்குக் குதிரை 3 மீட்டர், இரண்டு ஓரத்திலும் மரத்திலிருந்து 2 மீட்டர் விடணும். ஆக 3 குதிரைக்கு 10 மீட்டர் தள்ளி நிற்கிற 2 மரம் வேணும். தென்னையை வழக்கமாக 25 அடிக்கு ஒன்று வைப்பார்கள், அந்த இடைவெளியில் 2 குதிரைதான் அடங்கும். மூன்றாவதுக்குத் தனிக் கயிறு.

முக்கியமானது, குதிரை நிற்கிற இடத்துக்கு நேர் மேலே கயிற்றிலேயே ஒரு கண்ணி போட்டு அதில் சுழலும் கொக்கி மாட்டணும். கண்ணி இல்லாவிட்டால் குதிரையின் முகவாரிலிருந்து மேல்கயிற்றுக்குப் போகிற தலைக்கயிறு வழுக்கிக்கொண்டே போய் மூன்றும் ஒரே மூலையில் சேர்ந்து உதைத்துக்கொள்ளும். தலைக்கயிறு பருத்தியாக இருக்கட்டும். நீளம் பார்க்க ஒரே வழி: குதிரையைக் கட்டாமல் கயிற்றைச் சும்மா தொங்கவிடுங்க, முனைக் கொக்கி தரையிலிருந்து ஒன்றரை அடியில் நிற்கணும். அவ்வளவு இருந்தால் தரையில் போட்ட புல்லுக்கு வாய் எட்டும், கால் கயிற்றைத் தாண்டாது. நுனியை இழுத்தால் அவிழ்கிற முடிச்சுதான் போடணும். படுக்கப்போகும் முன் ஒருதரம் பெல்ட்டை இறுக்கிவிடுங்க. உதைக்கிற பெட்டை எதுவோ அது ஓரத்தில்.

எட்டடிக்கம்பு:
காகிதம். 1978 விலங்குப் போக்குவரத்து விதிகள்படி குதிரை பயணத்துக்குத் தகுதியாக இருக்கிறது என்று கால்நடை மருத்துவர் சான்று கையில் இருக்கணும். அதோடு கிளாண்டர்ஸ் சோதனை முடிவையும் வைத்துக்கொள்வது நல்லது. அது மனிதருக்கும் தொற்றும் நோய், சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய். ரத்தம் கொடுத்து முடிவு வர நாளாகும், கிளம்புகிற வாரத்தில் போய் நிற்காதீங்க. இரு மாநிலமும் இப்போது என்ன கேட்கிறார்கள் என்பதை உங்கள் கால்நடை மருத்துவமனையிலேயே கேட்டுவிடுங்க. டெட்டனஸ் ஊசி தேதியையும் பாருங்க. சின்ன ஆணிக்குத்துக்கே குதிரைக்கு டெட்டனஸ் வரும்.

வண்டி: அதே விதியில் குதிரைகளுக்கு நடுவே குறைந்தது 8 செ.மீ. தடிமன் மூங்கில், பின்னால் 2 கட்டை, தலை இடதுபக்கம், கூட ஒரு ஆள், வேகம் 35-க்கு மேல் கூடாது. தளத்தில் ஈர மணல் போட்டு மேலே சாக்கு விரித்தால் கால் வழுக்காது. ஒன்று மறக்காதீங்க: கோழித்தீவனம் ஏற்றிய வண்டி என்றால் மூலைமுடுக்கெல்லாம் கழுவச் சொல்லுங்க. அதில் மொனென்சின் கலந்திருக்கலாம், கோழிக்கு மருந்து, குதிரைக்கு இதயத்தையே முடித்துவிடும். நம்ம பக்கம் பாதி வண்டி கோழி வண்டிதான்.

நாட்டுலாடம்:
தீவனத்தை அங்கே வாங்காதீங்க. திடீரென்று மாற்றினால் வயிற்றுவலி நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்க. புதுத் தீவனத்துக்குப் பழக 7 முதல் 10 நாள் வேணும். உடல் எடையில் 2 சதவீதம் காய்ந்த புல், 320 கிலோ குதிரைக்குச் சுமார் ஆறரை கிலோ. மட்டத்துக்கு அதில் பாதி. போகவர 3 நாளுக்கு மொத்தம் 50 கிலோ, சிந்துவதற்கு 10 சேர்த்து 60. கொள்ளு ராத்திரியே ஊறவைத்து பெரிய குதிரைக்கு நாளுக்கு 1 கிலோ, இரண்டு வேளையாக. உப்பு 30 கிராம்.

தண்ணீர் தலைக்கு 30 முதல் 40 லிட்டர். புதுக் கிணற்றுத் தண்ணீரைச் சில குதிரை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். அதனால் வீட்டிலேயே ஒரு வாரம் முன்பிருந்து வாளிக்கு எலுமிச்சையளவு வெல்லம் கரைத்துப் பழக்குங்க, அங்கேயும் அதே வெல்லம். வாய்க்காலில் இறக்கிக் குடிக்கவிடாதீங்க, சிமெண்டுச் சரிவில் லாடம் நிற்காது.

போனதும் முதல் வேலை தோப்பைச் சுற்றிவருவது. வேலியோரம் அரளி இருந்தால் அந்தப் பக்கமே கட்டாதீங்க. ஒரு கைப்பிடி இலை போதும், காய்ந்த சருகிலும் விஷம் போகாது. ஆமணக்கு விதையும் அப்படித்தான். தென்னைக்கு இடையே கோகோ வைத்திருந்தால் உடைத்துப்போட்ட ஓட்டுக் குவியலிலிருந்து தள்ளி இருங்க, அதிலிருக்கும் தியோபுரோமின் குதிரைக்கு ஆகாது. பக்கத்துக் காட்டில் வாடி நிற்கும் இளஞ்சோளத்தையும் மேயவிடக் கூடாது.

வாய்க்கால்மேடு:
நன்றிங்க. சாணியை என்ன பண்றது? அப்புறம் காய் பறித்துவிட்ட தென்னையில் கயிறு கட்டலாம்தானே?

கணவாய்க்காற்று:
சாணிக்குக் கவலையே வேண்டாம், ஒரு குதிரைக்கு நாளுக்கு 15 கிலோவுக்கு மேல் விழும், தோப்புக்காரரே மூட்டைகட்டி வாங்கிக்கொள்வார். ஈ மொய்க்காமல் கட்டிய இடத்திலிருந்து தூரமாகக் குவிங்க.

தென்னையில் கட்டவே கூடாது. காய் பறித்தாலும் மட்டை இருக்கிறதே. ஜனவரியில் பாலக்காட்டுக் கணவாயில் கிழக்குக் காற்று ராத்திரி பூரா விசிறும், காய்ந்த மட்டை எப்போது விழும் என்று சொல்லமுடியாது. முதுகில் விழாவிட்டாலும் பக்கத்தில் விழுந்த சத்தத்துக்கே மூன்றும் சேர்ந்து பின்னால் இழுக்கும். அந்தப் பக்கம் தோப்போரத்தில் மாவோ புளியோ நிற்கும், அதில் கட்டுங்க. மாவில் தாழ்ந்த கிளைகளைக் குதிரையின் கண் மட்டத்துக்கு மேலே வரை வெட்டிக்கொள்ள அனுமதி கேளுங்க.

இன்னொன்று, பாம்பு. மட்டைக் குவியலை முகரப்போய்க் குதிரை பெரும்பாலும் மூக்கில்தான் கடி வாங்கும். விரியன் கடித்தால் மூக்கு வீங்கி அடைக்கும். குதிரையால் வாயால் மூச்சுவிட முடியாது. தோட்டத்துக் குழாயில் 15 செ.மீ. துண்டு 2 வெட்டி, முனையைத் தேய்த்து வழவழப்பாக்கிப் பெட்டியில் வையுங்க. வீக்கம் அடைக்கும் முன்பே மூக்குத் துவாரத்துக்கு ஒன்றாக எண்ணெய் தடவிச் செருகி, முகவாரோடு டேப் போட்டு ஒட்டிவிடணும். நடக்கவிடாமல் நிறுத்தி மருத்துவரை அங்கேயே வரவழையுங்க.

வாய்க்கால்மேடு:
குழாய் முக்கால் அங்குலம் போதுமா?

கணவாய்க்காற்று:
கத்தியவாருக்கு போதும். மட்டத்துக்கு அரை அங்குலம் தனியாக வெட்டிக்கொள்ளுங்க.