ஆரி வொர்க்குக்கு எவ்ளோ ரேட் சொல்றீங்க?

நூல்கண்டு (கரூர்):
பொழுது போகாம யூடியூப் பாத்து ஆரி, அதான் கொக்கி ஊசில போடுற எம்பிராய்டரி, கத்துக்கிட்டேன், என் பிளவுஸுக்கு மட்டும்தான் போட்டுட்டு இருந்தேன். இப்ப பக்கத்து வீட்டு அக்கா, அவங்க நாத்தனார், நாத்தனார் ஃப்ரெண்டுனு வரிசையா துணிய கொண்டாந்து குடுக்குறாங்க, காசுன்னு வாய தொறந்தா "சும்மா வீட்ல தானே இருக்க"ங்குறாங்க. கழுத்து, முதுகு, ரெண்டு கையும் ஃபுல்லா போடுற கல்யாண பிளவுஸுக்கு 1500 சொன்னேன், அதுக்கே மூஞ்சிய சுளிக்கிறாங்க. இத தொழிலா எடுத்தா கட்டுபடி ஆகுமா?

மல்லிப்பூ (மதுரை):
1500ஆ?? கண்ணு, ஜரிகை நூல், கட் பீட்ஸ், குந்தன் கல்லுனு 500 போயிரும், மிச்சம் 1000. கை நெறைய டிசைன்னா 20 மணி நேரமாவது ஸ்டாண்டுல குனிஞ்சு உக்காரணும், அப்ப மணிக்கு 50 ரூபா, முதுகு வலி ஃப்ரீ. மணிக்கு இவ்ளோன்னு நீயே ஒரு கணக்கு வச்சுக்க, மெட்டீரியல தனியா போடு. பாதி அட்வான்ஸ் கைக்கு வராம ஃப்ரேமுல துணிய மாட்டாத. பின்ட்ரெஸ்ட் போட்டோ காட்டி "இதே மாதிரி"ம்பாங்க, பட்ஜெட்ட கேட்டுட்டு அதுக்கு எவ்ளோ டிசைன் வரும்னு அப்பவே சொல்லிரு.

கத்திரிக்கோல்:
நான் டெய்லர்ங்க. ரேட்டு இருக்கட்டும், வொர்க் முடியுற வரை துணிய வெட்டாதீங்க, தைக்கிறவர்கிட்ட அளவு மார்க் வாங்கிட்டு போடுங்க. தையல் போற கோட்டு மேல கல்லும் மணியும் வச்சு அனுப்புறாங்க, மெஷின் ஊசி படபடன்னு ஒடையுது, திட்டு எனக்கு. அப்புறம் முடிச்சு. ஆரி செயின் தையல் தானே, கடைசி முடிச்சு சரியா லாக் ஆகலைன்னா நுனிய புடிச்சு இழுத்தா மொத்த வரிசையும் சர்ருனு உருவிட்டு வந்துரும், மண்டபத்துல மணி கொட்டுச்சுன்னா அந்த ஊர்ல அடுத்த ஆர்டர் கெடையாது.

வைகாசி:
மத்தவங்க சொன்னது சரிதான், ஆனா வருஷம் பூரா இதே ஓட்டம் இருக்காது. தை, வைகாசி, ஆவணினு முகூர்த்தம் வந்தா தூங்க நேரமிருக்காது, ஆடிலயும் மார்கழிலயும் ஈ ஓட்டணும். நான் அந்த மாசங்கள்ல கிளாஸ் எடுப்பேன், சொல்லப்போனா பிளவுஸ விட அதுல தான் கையில நிக்குது. உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன், அதான் சிறு தொழில் பதிவு, கவர்மென்ட் சைட்டுல ஃப்ரீ தான், ஆதாரும் பான் கார்டும் இருந்தா நீங்களே போட்டுக்கலாம், அதுக்கு காசு கேக்குற புரோக்கர நம்பாதீங்க. "மெட்டீரியல் அனுப்புறோம், டெபாசிட் கட்டுங்க"னு வாட்ஸ்அப்ல வர்றவனையும் பிளாக் பண்ணிருங்க.

நூல்கண்டு:
ரொம்ப தேங்க்ஸ் எல்லாருக்கும். சொந்தக்காரங்ககிட்டயும் அட்வான்ஸ் கேக்கணுமா??

மல்லிப்பூ:
அவங்ககிட்ட முழுசாவே வாங்கிரு 😂