டேப் இல்லாம பழைய மினிடிவி (MiniDV) கேமரால ரெக்கார்ட் பண்ண வழி இருக்கா?

ரீல்ராஜா:
பரண்ல கிடந்த மினிடிவி கேமரா (சின்ன டேப்ல டிஜிட்டலா பதியுற பழைய வீடியோ கேமரா) ஒண்ணு கைக்கு வந்துச்சு. லென்ஸ் சுத்தமா இருக்கு, எல்சிடில படம் பளிச்சுனு தெரியுது, ஆனா டேப் கதவு பாதி திறந்து கிர்ர்னு சத்தம் போட்டுட்டு திரும்ப மூடிக்குது. டேப்ப உள்ள விட பயமா இருக்கு, சிக்கிச்சுனா அவ்ளோதான். எனக்கு அந்த பழைய கலர் மட்டும் போதும், கேமரா பாக்குறத நேரா லேப்டாப்புல ஏத்திக்க முடியுமா? யூஎஸ்பில சொருகினா தபால்தலை சைஸ்ல மங்கலா ஏதோ வருது. ஒரு முனை ஃபயர்வயர் (கேமரால இருந்து வீடியோ அனுப்புற பழைய இணைப்பு) மறுமுனை யூஎஸ்பினு ஒரு வயர் வாங்கினேன், அதுல சுத்தமா ஒண்ணும் வரல. கேமரா போச்சா வயர் போச்சா?

ஃப்ரேம்பிடிப்பான்:
கேமரா போகல ப்ரோ, அந்த வயர் தான் ஏமாத்து வேலை. ஃபயர்வயரும் யூஎஸ்பியும் வேற வேற பாஷை, வெறும் கம்பிய மாத்தி இணைச்சா ஒண்ணும் ஆகாது. நானும் ஒண்ணு வாங்கி ஏமாந்தவன் தான் 😄

கேமரா மோடுல வச்சீங்கனா டேப் ஓடுதோ இல்லையோ, சென்சார் பாக்குறது டிவி (DV) ஃபார்மேட்டுலயே அந்த குட்டி 4 பின் ஃபயர்வயர் ஓட்டை வழியா வெளிய வந்துட்டே இருக்கும். டெஸ்க்டாப் இருந்தா ஒரு பிசிஐஇ ஃபயர்வயர் கார்டு போட்டு, 4 பின்னுல இருந்து 6 பின் வயர் மாட்டி, ரெக்கார்ட் பண்ற சாஃப்ட்வேர் விண்டோஸ்னா வின்டிவி (WinDV), லினக்ஸ்னா டிவிகிராப் (dvgrab), முடிஞ்சது. லேப்டாப்னா தான் தலைவலி. தண்டர்போல்ட் அடாப்டர் மேல அடாப்டர் போட்டு மேக்ல ஓட்டலாம், ஆனா மேக்ஓஎஸ் 26ல ஃபயர்வயரையே தூக்கிட்டாங்க, அதனால பழைய மேக் கிடைச்சா அப்டேட் பண்ணாம வச்சுக்கோங்க.

ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி கிட்ட வரும். டிஸ்க் ஃபேட்32ல (ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாத பழைய ஃபார்மேட்) இருந்தா 20 நிமிஷத்துக்குள்ள 4 ஜிபி தொட்டு ஃபைல் நின்னுடும், மொதல்ல அத மாத்துங்க.

நைட்ஷிஃப்ட்:
மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா கேமராவ கையில தூக்கிட்டு வெளிய சுத்தணும்னா டெஸ்க்டாப்ப யாரு தூக்குறது? ஏவி அவுட்டுல மஞ்ச வயர எடுத்து எஸ்டி கார்டுல பதியுற சின்ன ரெக்கார்டர்ல மாட்டுங்க, பேட்டரில ஓடுறது இருக்கு, பாக்கெட்ல போட்டுக்கலாம். ஹை8, விஎச்எஸ்-சி மாதிரி அனலாக் டேப் கேமரா வச்சிருக்கவங்களுக்கு எப்படியும் இந்த வழி தான், எஸ்-வீடியோ (கலரையும் வெளிச்சத்தையும் தனித்தனியா அனுப்புற) ஓட்டை இருந்தா அத எடுங்க, கலர் ஓரமெல்லாம் ஒழுங்கா நிக்கும். மெனுல டிஸ்ப்ளேங்கறத (பேட்டரி மாதிரி குறியெல்லாம் எங்க தெரியணும்ங்கறத) வி-அவுட்ல இருந்து எல்சிடிக்கு மாத்த மறக்காதீங்க, நான் மறந்து ஒரு முழு சாயங்காலமும் எடுத்ததுல மூலைல பேட்டரி படம் மின்னிட்டே இருக்கு.

ஃப்ரேம்பிடிப்பான்:
அவசரத்துக்கு ஓகே. ஆனா டிஜிட்டலா இருக்குறத அனலாக் ஆக்கி அத திரும்ப டிஜிட்டல் ஆக்குறது எனக்கு மனசு வரல. அந்த சின்ன ரெக்கார்டர் நிறைய கசக்கிப் புழியும், இருட்டுல எடுத்தா கட்டம் கட்டமா தெரியும்.

சத்தம்_முக்கியம்:
யாரும் ஆடியோ பத்தி பேசல. நிறைய மினிடிவி கேமரால ஆடியோ மோடு 12 பிட்ல நிக்கும், 16 பிட்டுக்கு மாத்துங்க, 48 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும். அப்புறம் வேகமா நகர்ற இடத்துல சீப்புப் பல்லு மாதிரி கோடு வந்தா பயப்படாதீங்க, இன்டர்லேஸ் தான் அது, ஒரு ஃப்ரேமோட பாதி கோட்ட ஒரு நேரத்துலயும் மீதிய அடுத்த நேரத்துலயும் எடுக்குறது. அத நீக்க டிஇன்டர்லேஸ் பண்ணும்போது செகண்டுக்கு 25க்கு பதிலா 50 ஃப்ரேமா எடுத்தா தான் அந்த வழுக்கிட்டு போற ஓட்டம் இருக்கும், உங்க பழைய லுக்குல பாதி அதுதான்.

ரீல்ராஜா:
ஃப்ரெண்டு வீட்டு பழைய டெஸ்க்டாப்புல கார்டு போட்டாச்சு, வந்துருச்சு!! ஜன்னல் திரை ஆடுறத அஞ்சு நிமிஷம் சும்மா எடுத்துட்டு இருந்தேன், வெயில் பட்ட இடமெல்லாம் வெள்ளையா பூத்து, அய்யோ அந்த கலர். ஆனா கொஞ்ச நேரம் விட்டா கேமரா தானா ஏதோ விளம்பரம் மாதிரி ஓட்ட ஆரம்பிக்குது, அதுவும் சேந்து ரெக்கார்ட் ஆகுது.

நைட்ஷிஃப்ட்:
டெமோ மோடு. உள்ள டேப் இல்லனா கடைல வச்சிருக்காங்கனு நெனச்சுக்கும். மெனுல ஆஃப் பண்ணிடுங்க. டேப் இல்லாதது உங்களுக்கு நல்லது தான், உள்ள இருந்தா அஞ்சு நிமிஷம் சும்மா நின்னதும் தானா அணைஞ்சிருக்கும். பேட்டரிய நம்பாம சார்ஜர்லயே போட்டு ஓட்டுங்க.