தங்க நிற டாலர் நாணயத்தில் தங்கம் இருக்கிறதா?

கேள்வி (திருவையாறு):
அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவிலிருந்து வந்த என் சித்தப்பா, பொன்னிறமான ஒரு டாலர் நாணயத்தை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். முதுகில் குழந்தையைச் சுமந்தபடி திரும்பிப் பார்க்கும் ஒரு பெண்ணின் உருவம் அதில் இருக்கிறது. அம்மா அதை மஞ்சள் துணியில் முடிந்து சாமி அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தார். தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருப்பதால் வீட்டு நகைகளை எல்லாம் எடை போட்டபோது, இந்த நாணயம் 8.1 கிராம் நின்றது. "ஒரு பவுனுக்குக் குறையவில்லையே, வளையம் வைத்துச் சங்கிலிக்கு டாலராகக் கோத்துவிடலாம்" என்று அம்மா பூரித்துப் போய்விட்டார். இதில் உண்மையிலேயே தங்கம் இருக்கிறதா, அல்லது முலாமாவது பூசியிருக்கிறார்களா?

பதில் 1 (கும்பகோணம், பாத்திர வியாபாரம்):
தம்பி, இதில் தங்கம் துளியும் இல்லை, முலாமும் இல்லை. 2000ஆம் ஆண்டு முதல் வெளிவந்த சகாகவியா டாலர் இது; அதில் இருக்கும் பெண்ணின் பெயர்தான் சகாகவியா. நடுவில் சுத்தச் செம்பும் இருபுறமும் மாங்கனீசு கலந்த பித்தளைத் தகடும் சேர்த்து அச்சிடப்படுகிறது. மொத்தத்தில் செம்பு 88.5 விழுக்காடு, துத்தநாகம் 6, மாங்கனீசு 3.5, நிக்கல் 2. பொன்னிறம் வருவது அந்தப் பித்தளையால்தான். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு எப்படிப் புளி போட்டுத் துலக்காவிட்டால் மங்கிப் போகிறதோ, அப்படியே இதுவும் கை பட்டுப் பட்டுப் பழுப்பேறும்.

பதில் 2 (மயிலாடுதுறை, பொற்கொல்லர்):
முன்னவர் சொன்னது சரி. ஆனால் எடைதான் உங்கள் அம்மாவை ஏமாற்றியிருக்கிறது என்பதால் அதை விளக்குகிறேன். பழைய பவுன் காசு 7.98 கிராம் எடையும் சுமார் 22 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டது. இந்த டாலரோ 26.5 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் கனமும் உள்ளது. எடை ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் உருவம் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்றாலே அது தங்கம் அல்ல. இதே அளவில் 22 காரட் தங்கத்தில் அடித்தால் ஏறத்தாழ இரண்டு பவுன் நிற்கும். காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள், ஏனென்றால் பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது. உரைகல்லில் உரைத்தால் மஞ்சள் கோடு விழத்தான் செய்யும். திராவகம் பட்டதும் அந்தக் கோடு கரைந்துவிடும்.

வளையம் பற்றவைக்கவும் வேண்டாம் என்பேன். நெருப்புப் பட்டால் நிறம் மாறிவிடும். நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கழுத்தில் அரிப்பும் வரும்.

பதில் 3 (தஞ்சாவூர், நாணயச் சேகரிப்பாளர்):
தங்கத்தாலான ஒரு டாலர் நாணயம் அமெரிக்காவில் இருந்ததும் உண்மைதான். 1849 முதல் 1889 வரை அச்சிடப்பட்ட அது 1.67 கிராம்தான்; சட்டைப் பொத்தான் அளவுக்கு மேல் இராது. உங்களிடம் இருக்கும் வடிவத்திலேயே 22 காரட்டில் அடித்த 12 நாணயங்கள் 1999 ஜூலையில் கொலம்பியா விண்வெளி ஓடத்தில் பறந்து வந்தன. அவை விற்பனைக்கு வரவில்லை. தங்கமென்று சொல்லி இதே நாணயத்தை யாராவது விலைக்கோ நகைக்கு மாற்றாகவோ கொடுக்க வந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள்; அமெரிக்கக் கடையில் இதன் மதிப்பு ஒரு டாலர், அவ்வளவுதான்.

கேட்டவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. பாட்டியின் பவுன் காசை இந்த டாலரின் மேல் வைத்து அம்மாவுக்குக் காட்டினேன். சுற்றிலும் ஒரு நெல்மணியின் அகலத்துக்கு டாலரின் விளிம்பு வெளியே தெரிந்தது. அம்மா இரண்டையும் சற்று நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, நகைக் கணக்கிலிருந்து அந்த ஒரு பவுனைக் கழிக்கச் சொன்னார். நாணயத்தை மட்டும் அதே மஞ்சள் துணியில் மறுபடி முடிந்து வைத்துவிட்டார்.