பெற்றோல் லைனை எங்கே பிரிக்கிறது?

குழு: எங்கட ஆக்கள்

*தம்பி:* மாமா, ரொறன்ரோ அண்ணை அனுப்பின, இன்ஜின் பவரைக் கூட்டுகிற நைட்ரஸ் வாயுக் கிட்டை இன்றைக்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். என் ஹொண்டா சிவிக் காரில் பூட்டப் போகிறேன். பெற்றோல் லைனை வெட்டி ஒரு பித்தளை ரீ (T) இணைப்புப் போட்டு கிளிப் இறுக்கினால் சரிதானே?

*சின்ன மாமா:* வெட்டாதே. கராஜைப் பூட்டிவிட்டு வந்து எழுதுகிறேன்.

*பெரியம்மா:* எந்த லைன்? கரண்ட் லைனா?

*ரொறன்ரோ அண்ணை:* இல்லை பெரியம்மா, கார் விளையாட்டு.
தம்பி, அது பெற்றோலையும் சேர்த்து அடிக்கிற வெட் கிட். இரண்டு சொலினோயிட் (கரண்டில் திறக்கிற வால்வு) இருக்கும், ஒன்று நைட்ரஸுக்கு, மற்றது பெற்றோலுக்கு. ட்ரை கிட் என்றால் லைனில் கை வைக்கவே தேவையில்லை, கூடுதல் பெற்றோலை இன்ஜெக்ரரே அடிக்கும். உன்னுடையதற்குத் தனி வழி வேண்டும்.

*சின்ன மாமா:* வந்துவிட்டேன். நைட்ரஸ் தானாக எரியாது. இன்ஜின் சூட்டில் உடைந்து ஒட்சிசனை விடும், அவ்வளவுதான். காற்றில் நிறைப்படி 23 வீதம் ஒட்சிசன், இதில் 36. அதற்கு ஈடாகப் பெற்றோல் போகாவிட்டால் பிஸ்ரன் தலை உருகிவிடும். ஆகவே போத்தலை எங்கே பூட்டுவது, பட்டனை எங்கே வைப்பது என்பதெல்லாம் பிறகு. பெற்றோல் எங்கிருந்து வருகிறது என்பதுதான் முதல் கேள்வி.

*தம்பி:* ராங்குக்குத் திரும்புகிற ரிட்டேர்ன் லைன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது மாமா. அதில் எடுக்கலாமா?

*சின்ன மாமா:* கைக்கு எட்டும், இன்ஜினுக்கு எட்டாது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேற்றரைத் தாண்டிய பெற்றோலுக்கு அழுத்தம் ஏது? அது சும்மா ராங்குக்குத் திரும்புகிற பெற்றோல். ரெகுலேற்றருக்கு முன்னால், 40 பிஎஸ்ஐ அளவு அழுத்தம் நிற்கிற பக்கத்தில்தான் எடுக்க வேண்டும்.
உன் சிவிக்கில் ஒரு வசதி இருக்கிறது. பெற்றோல் பில்டரின் தலையில் பான்ஜோ போல்ட் (உள்ளே பெற்றோல் ஓடுகிற துளையுள்ள போல்ட்), அதன் மேல் ஒரு சின்ன சேர்விஸ் போல்ட் இருக்கும். அதைக் கழற்றி அந்த இடத்தில் அடாப்டரைப் பூட்டு. லைனில் ஒரு வெட்டும் விழாது. வாஷர் மட்டும் புதிது போடு, பழையது கசியும்.

*ரொறன்ரோ அண்ணை:* 50 ஹோர்ஸ் பவர் கூட்டுகிற ஜெட்டுக்கு (பாய்கிற அளவைக் கட்டுப்படுத்துகிற சின்னத் துளைக்கு) அந்த ஓட்டை போதும். அதற்கு மேல் ஆசைப்படாதே.

*தாதி அக்கா:* நைட்ரஸ் ஒக்சைட்டா? ஒப்பரேஷன் தியேட்டரில் நீலச் சிலிண்டரில் வருகிறதே, அதுவா?

*ரொறன்ரோ அண்ணை:* அதேதான் தங்கச்சி. காருக்கு விற்பதில் கொஞ்சம் கந்தகவீரொட்சைட்டு கலப்பார்கள், ஒருவரும் மூக்கில் பிடிக்காமல் இருக்க.

*தாதி அக்கா:* நல்ல காரியம். நாங்கள் ஒட்சிசன் கலக்காமல் ஒருநாளும் கொடுப்பதில்லை. தனியாக இழுத்தால் மூச்சடைத்துச் சாவு. தம்பி, பெடியளுக்கு அந்தப் போத்தலைக் காட்டாதே.

*பெரியம்மா:* அப்படியென்றால் அது வீட்டுக்குள் வைக்கிற சாமானா?

*சின்ன மாமா:* வெயிலில் நிற்கிற காருக்குள்ளும் வைக்கிற சாமான் இல்லை அக்கா. 36.4 பாகைக்கு மேல் நைட்ரஸ் திரவமாக நிற்காது. சித்திரை வெயிலில் கண்ணாடி பூட்டின காருக்குள் என்ன சூடு என்று உங்களுக்கே தெரியும். சூடு ஏற ஏறப் போத்தல் அழுத்தம் ஏறும், நைட்ரஸ் கூடப் பாயும். பெற்றோல் பக்கம் அதே 40தான். மறுபடியும் பிஸ்ரன்தான் பலி.

*தம்பி:* சரி மாமா. போல்ட்டை இன்றிரவே கழற்றட்டுமா?

*சின்ன மாமா:* இரவில் லைற் வெளிச்சத்தில் பெற்றோல் வேலையா? வேண்டாம். பகலில், வெளியில், காற்றோட்டமான இடத்தில். முதலில் பம்புக்குப் போகிற கரண்டை நிறுத்தி, இன்ஜினை ஸ்ராட் பண்ணி, தானாக நிற்க விடு. பிறகு பற்றரி நெகற்றிவ்வைக் கழற்று. பான்ஜோவை ஒரு ஸ்பனரால் பிடித்துக்கொண்டு, துணியைச் சுற்றி, சேர்விஸ் போல்ட்டை மெல்லத் தளர்த்து. அப்படியும் கொஞ்சம் பீச்சும்.
ஹோஸில் இன்ஜெக்ஷன் காருக்கு என்று அச்சிட்டிருக்க வேண்டும். காபுரேற்றர் ஹோஸ் 5, 6 பிஎஸ்ஐக்குப் பழகினது, 40ஐத் தாங்காது. பிளேயர் பூட்டுகளில் (வாய் விரித்த குழாய் இணைப்புகளில்) வெள்ளை ரேப் சுற்றாதே. அதன் நூல் கிழிந்து ஜெட்டில் அடைத்தால் நைட்ரஸ் மட்டும் போகும், பெற்றோல் போகாது.

*ரொறன்ரோ அண்ணை:* சொலினோயிட்டில் இன், அவுட் பார்த்துப் பூட்டு. பெற்றோல் 95 ஒக்டேன் அடி, 92 வேண்டாம். தீப்பொறி அடிக்கிற ரைமிங்கை 2 பாகை பின்னுக்கு எடு. முழு அக்சிலேற்றர் மிதித்து 3000 சுற்றுக்கு மேல் போனால்தான் நைட்ரஸ் திறக்க வேண்டும்.

*தாதி அக்கா:* பலாலி வீதியில் முழு அக்சிலேற்றரா? மாடு, சைக்கிள், ஓட்டோ எல்லாம் ஒதுங்கி நிற்குமா?

*ரொறன்ரோ அண்ணை:* ரோட்டில் பாவிக்கிற சாமானே இல்லை. நான் இங்கே ட்ராக்கில் மட்டும்தான் திறக்கிறது.

*தம்பி:* கார் 1993. பம்ப் அப்போதே வந்தது போல.

*சின்ன மாமா:* அதைத்தான் கேட்க இருந்தேன். சும்மா ஓடுகிறபோது 40 காட்டுகிற பம்ப், சொலினோயிட் திறந்தவுடன் 30க்கு விழலாம். ஞாயிறு காலை கராஜுக்குக் கொண்டு வா. இன்ஜினை நிறுத்தி, பம்பை மட்டும் ஓடவிட்டு, பெற்றோல் சொலினோயிட்டைத் திறந்து தகரக் கானுக்குள் பாயவிட்டுக் கேஜைப் பார்ப்போம். முள் இறங்கினால் புது பம்ப் போடும் வரை கிட் பெட்டிக்குள் கிடக்கட்டும்.

*தம்பி:* ஓம் மாமா. கேஜ் நான் வாங்க வேண்டுமா?

*சின்ன மாமா:* என்னிடம் இருக்கிறது. அரை ராங்க் பெற்றோலோடு வா. ராங்க் வற்றி பம்ப் காற்றை இழுத்தால் முள் காட்டுவதை நம்ப முடியாது.